தண்டப் பணமும் அடைவுச் சீட்டும்

நீதிவான் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாக எனக்கு மனம் களைத்துப்போவது சின்ன வழக்குகள் குவியும் நாட்களில்தான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடியது, கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் வைத்திருந்தது, மணல் ஏற்றியது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடினால் 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம். கனடாவில் தமையன் இருக்கிறவன் கட்டிவிட்டு அன்று பின்னேரமே திரும்ப ஓடுவான். கூலிக்கு மேசன் வேலை செய்கிறவனுக்கு அது எத்தனையோ நாள் உழைப்பு.

தண்டம் ஆம்பிளைக்கு. கட்டுவது அநேகமாகப் பொம்பிளை. அவன் கூண்டுக்குள் நிற்க, அவள் அடைவு கடைக்கு ஓடுவாள். ஒரு அம்மா மலசலகூடச் சுவரோரம் திரும்பி நின்று தாலிக்கொடியைக் கழற்றினார். கையில் தயாராக ஒரு மஞ்சள் கயிறு. வீட்டிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். நீதிமன்றத்தில் தண்டப் பணம் வாங்குகிற காசாளரான சிறாப்பரை நினைத்துத்தான் அவருக்குப் பதற்றம்.

"பிள்ளை, சிறாப்பர் எத்தினை மணிக்குப் பூட்டுவார்?"

"கெதியாப் போட்டு வாங்கோ அம்மா, ஓட்டோவிலை போங்கோ."

ஓட்டோக் காசு, அடைவு வட்டி எல்லாம் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படாத தண்டம். நெடுந்தீவு ஆட்களுக்கு இன்னும் மோசம். வழக்கு ஊர்காவற்றுறையில். குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடலில் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ். தவணை தள்ளிப்போனால் அந்த அலைச்சல் முழுக்கத் திரும்பவும். அன்றைக்குத் தொழிலும் இல்லை.

காசு வந்து சேராவிட்டால் பின்னேரம் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, ஏற்றிவிடுவார்கள். தண்டனை பெற்று இலங்கைச் சிறைகளுக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தண்டம் கட்ட வழியில்லாதவர்கள் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே சொல்கின்றன. வெசாக் பொதுமன்னிப்பில் கொஞ்சப் பேர் வெளியே வருவார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டுக் காவல் காத்த செலவு அரசாங்கத்துக்கு. இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இத்தனைக்கும் சட்டம் அவ்வளவு கல்நெஞ்சு இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவில், தண்டம் கட்ட அவகாசம் கொடுக்கவும், பகுதி பகுதியாகக் கட்ட விடவும் நீதிவானுக்கு அதிகாரம் இருக்கிறது. வாய் திறந்து கேட்டால் பல நீதிவான்கள் கொடுக்கிறார்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாமல் தனியே வந்து நிற்கிறவனுக்குத்தான் கேட்கலாம் என்பதே தெரியாது. தெரிந்தாலும் அந்த இடத்தில் அவனுக்கு நா எழாது.

இதைத் தமிழில் நாலு வரி எழுதிச் சிறாப்பரின் யன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினால் என்ன என்று அலுவலக ஐயா ஒருவரிடம் கேட்டேன்.

"ஒட்டலாம்தான் பிள்ளை. ஆர் ஒட்டச் சொன்னது எண்டு கேட்டால் நான் ஆரைக் காட்டுறது?" என்றார்.