தமிழய்யாவும் ஆண் கடலும்

நம் தமிழய்யா இலக்கணத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்க மாட்டார். "வீட்டுல, மீன் ஏலத்துல, பஸ்ஸுல காதுல விழுந்ததை எழுதிட்டு வாங்க" என்பார். மறுநாள் நோட்டைத் திறந்தால் பாம்பன் கரையே அதில் பேசும்.

"ரெண்டு கிலோ போடு" என்றால் எடுத்தலளவை ஆகுபெயர். நிறுக்கும் அளவின் பெயர் மீனுக்கு ஆகிவிட்டது. நெத்திலி வறுவல் தொழிலாகுபெயர். வறுக்கிற வேலையின் பெயர் தட்டில் கிடக்கும் மீனுக்கு ஆகிவிட்டது. கடலுக்குக் கிளம்பும்போது "போறேன்" என்னாமல் "போயிட்டு வாரேன்" என்பது மங்கல வழக்கு. "சுறா மாதிரிப் பாயுறான்" என்று யாராவது எழுதி வந்தால், தொல்காப்பியர் சொன்ன வினை, பயன், மெய், உரு என்ற நான்கில் எது என்று கேட்காமல் விடமாட்டார். பாய்ச்சல்தானே, வினை உவமம்.

தற்குறிப்பேற்ற அணிதான் வகுப்பைத் திணறடித்தது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 வரை ரயில் ஊர்ந்துதான் போனது. காற்று கூடினால் நிறுத்தியே விட்டார்கள். "கடலைப் பாக்க ஆசைப்பட்டு ரயில் மெதுவாப் போகுது" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். ஐயாவுக்கு அப்படியொரு மகிழ்ச்சி! இயல்பாக நடப்பதற்குத் தன் கற்பனைக் காரணத்தை ஏற்றிவிட்டாள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை வரவேண்டாம் என்று கைகாட்டுவது போல அசைவதும் இதே அணி என்றார். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் ஊருக்குப் பேசும்போது பெரியவர்களின் பேச்சை இப்படிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் ஆண் கடல், பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா ஆண். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண். "உருவகம்" என்றோம். கடலுக்குப் போகிற வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, அது அணி இல்லை. நெசமாவே தெக்குக் கடல் முரடு, வடக்குக் கடல் சாது."

"சரிப்பா, சொல்லை அப்படியே நேர்ப்பொருளா வச்சுப் பாரு. ஆடியில தென்மேற்குல இருந்து கச்சான் காத்து அடிக்கையில நீ சொல்றது சரி. கார்த்திகையில வாடை அடிச்சா வடக்குக் கடல் சாதுவாவா இருக்கு?"

பையன் யோசித்தான். மறுநாள் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு வந்தான்.

"பொம்பளைக்கும் கோவம் வரும்லன்னு தாத்தா சொன்னாரு, ஐயா."

ஐயா அதைக் கரும்பலகையில் எழுதி, கீழே கோடு போட்டு, "உருவகம் தொடர்கிறது" என்றார்.