மறுப்புக்கும் ஓர் அலமாரி

பகலில் மண்ணடியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். இரவில், தண்டையார்பேட்டை வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, இணையத்தில் நடக்கும் ஓர் எழுத்து விளையாட்டின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாவது பணிக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அதையும் வேலை என்றுதான் சொல்வேன். என் தீர்ப்புக்காக எழுத்தாளர்கள் காத்திருக்கிறார்கள்.

படமே இல்லாத விளையாட்டு இது. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' விளையாட்டின் வம்சத்தில் வந்தது. தெரு, கடல், போர் எல்லாம் ஆங்கில வாக்கியங்களாகத் திரையில் ஓடும். ஆடுபவர்கள் கட்டளைகளைத் தட்டச்சு செய்து நடப்பார்கள், சண்டையிடுவார்கள், வாணிபம் செய்வார்கள். எங்கள் விளையாட்டில் ஒரு வெற்றுப் புத்தகத்தை வாங்கி எழுதவும் செய்யலாம். எழுதி முடித்து நூலகத்தில் ஒப்படைத்தால் அது என்னிடம் வரும்.

முதலில் பார்ப்பது இயந்திரத்துக்கான சங்கதிகளை. வரிக்கு 80 எழுத்துக்கு மேல் போனால் சிலருடைய திரையில் வாக்கியம் கன்னாபின்னாவென்று உடையும். எழுத்துக்கு நிறம் கொடுக்கும் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், புத்தகத்தை மூடிய பிறகும் வாசகரின் திரை முழுக்கச் சிவப்பாகவே ஓடும். வேறொரு மென்பொருளில் எழுதி இங்கே ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும், 128 குறிகளை மட்டுமே கொண்ட பழைய ஆஸ்கி முறையில் அவற்றுக்கு இடமில்லை. இவற்றைச் சரிசெய்ய நான் யாரையும் கேட்பதில்லை.

சொல்லில் கை வைப்பதுதான் வேறு விஷயம். ஒரு மாலுமிப் பாத்திரத்தின் பயணக் குறிப்பு நிறுத்தற்குறியே இல்லாமல், எழுத்துப் பிழைகளோடு வருகிறது. பிழை ஆடுபவருடையதா, அந்த மாலுமியுடையதா? கேட்டு எழுதுவேன். "அவன் அப்படித்தான் எழுதுவான்" என்று பதில் வந்தால் அப்படியே அலமாரிக்குப் போகும். காசிமேட்டுக்காரர் பேசிய பேச்சை ஏட்டுத் தமிழாக மாற்றித்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்பவர்களை அச்சகத்தில் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகு தாளில் தமிழ் இருக்கும், பேசிய ஆள் இருக்க மாட்டார்.

அதிகமாக நேரம் பிடிப்பவை வரலாற்று நூல்கள். விளையாட்டுக்குள் இரண்டு நகரங்களுக்கு இடையே போர் நடந்தது. தோற்ற நகரத்தின் படைத்தலைவர் எழுதிய நூலில் தோல்வியே இல்லை. பின்வாங்கியதைத் தந்திரம் என்கிறார். வென்ற நகரத்தார் கொதித்துப்போய், அது பொய், நூலை எடுங்கள் என்று எழுதினார்கள். அது பொய்தான். ஆனால் ஒரு படைத்தலைவர் தன் மக்களுக்குச் சொல்ல விரும்பிய பொய் அந்த உலகத்தின் வரலாற்றில் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். நூலை எடுக்கவில்லை. மறுப்பு எழுதுங்கள், அதே அலமாரியில் பக்கத்திலேயே வைக்கிறேன் என்று பதில் அனுப்பினேன்.

இந்த வழியை நான் எங்கேயும் போய்க் கற்கவில்லை. ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது. 1867இல் அவருடைய பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சில் வந்தபோது, அவை அருட்பா அல்ல என்று ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. அதற்கு மறுப்பு, அந்த மறுப்புக்கும் மறுப்பு என்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடுமையான, பல இடங்களில் தரம் இறங்கிய வசைகள் அவற்றில் உண்டு. இருந்தும் இரு தரப்பு எழுத்தும் தப்பிப் பிழைத்ததால்தான், யார் எதற்காகக் கோபப்பட்டார் என்று இன்று நம்மால் படிக்க முடிகிறது. வென்ற நகரத்தாரின் மறுப்பு வந்து சேர்ந்தது, நன்றாகவே எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு நூல்களையும் சேர்த்து வாங்கிப் படிக்கும் புதியவர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

ஒரு கோடு மட்டும் உண்டு. பாத்திரத்தைத் தாண்டி, அதை ஆடும் மனிதரின் உண்மைப் பெயரையோ ஊரையோ வெளிப்படுத்தும் நூலை அக்கணமே எடுத்துவிடுவேன். அங்கே விவாதம் கிடையாது. பிறருடைய அச்சான படைப்பைத் தன் பெயரில் கொண்டுவருவதும் அப்படியே.

நான் எதிர்பாராத சிக்கல் பெயரில் வந்தது. நெடுநாள் வராதவர்களின் கணக்கை விளையாட்டு அழித்துவிடும். அந்தப் பெயர் மீண்டும் பொதுவுக்கு வரும். புதிதாக வந்த ஒருவர் பழைய கவிஞர் ஒருவரின் பெயரைத் தற்செயலாக எடுத்துக்கொண்டார். உடனே பட்டியலில் பழையவரின் நூல்கள் எல்லாம் அவருடையவையாகத் தெரிந்தன. பாராட்டுகள் வந்து குவிய, அவர் திகைத்துப் போனார். சங்கப் பாடல்களின் ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வேறு வேறு என்று அறிஞர்கள் பிரித்துச் சொல்லும் மொழியில் வளர்ந்தவனுக்குத் தீர்வு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் வாழ்ந்த விளையாட்டு ஆண்டைச் சேர்த்திருக்கிறேன்.

கணக்கோடு சேர்த்து நூலையும் அழித்தால் இந்தத் தொல்லையே இருக்காதே, இடமும் மிச்சமாகுமே என்று நிரலாளர் ஒருவர் கேட்டார். வரிக்கு 80 எழுத்து, பக்கத்துக்கு 20 வரி வீதம் 30 பக்க நூல் என்றாலும் 48,000 எழுத்துதான். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். யாரும் எடுக்காத நூல்கள் எதற்கு என்றார் அடுத்து. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது 1931இல் வெளியான எஸ்.ஆர்.ரங்கநாதனின் ஐந்து நூலகவியல் விதிகளில் ஒன்று. அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். அதையும் எழுதி அனுப்பினேன். இரண்டில் எது வேலை செய்தது என்று தெரியாது. கணக்குகளை அழிக்கும் நிரல் இப்போது நூலக அறைக்குள் நுழைவதில்லை.