ஒரே டெஸ்க்டாப்பில் ஸ்பீக்கரும் ஹெட்செட்டும்: பிடுங்கி மாட்டும் வேலை இல்லாமல்

வீட்டு டெஸ்க்டாப்பில் ஸ்பீக்கர், ஹெட்செட் இரண்டும் எப்போதும் மாட்டியபடியே இருக்க வேண்டும். அம்மா கேட்கும் பாட்டு ஸ்பீக்கரில் வர வேண்டும், தங்கையின் ஜூம் வகுப்பு ஹெட்செட்டில் போக வேண்டும். ஆள் மாறும்போதெல்லாம் யாராவது மேசைக்கு அடியில் குனிந்து பின்னைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதுதான் எடுத்துக்கொண்ட வேலை. தனி சவுண்ட் கார்டு எதுவும் வாங்காமலே முடிந்தது. இதே மாதிரி சாமான்கள் நிறைய வீடுகளில் இருப்பதால், செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இருந்த சாமான்கள்: அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், மதர்போர்டிலேயே ரியல்டெக் ஆடியோ சிப், விண்டோஸ் 11. யுஎஸ்பியில் கரன்ட் எடுத்துக்கொண்டு 3.5 மி.மீ. பின்னில் ஒலி வாங்கும் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர். மொபைலுக்காக வாங்கிய, ஒற்றைப் பின் ஹெட்செட்.

கேபினட்டின் பின்பக்கம் பச்சை, ரோஸ், வெளிர் நீலம் என்று மூன்று ஓட்டைகள். பச்சையில் ஒலி வெளியே வரும். ரோஸ் மைக்குக்கு. நீலம் வெளியிலிருந்து டேப்பு, ரேடியோ மாதிரி எதையாவது உள்ளே கொடுக்க. இந்த நிறங்கள் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து கொண்டுவந்த பிசி 99 வழிகாட்டியில் வகுத்தவை. அதனால் எந்த கம்பெனி போர்டாக இருந்தாலும் பச்சை என்றால் ஸ்பீக்கர்தான். சில போர்டுகளில் எல்லா ஓட்டையும் ஒரே கறுப்பாக வரும். அப்போது ஓரத்தில் பொறித்திருக்கும் குறியையோ போர்டு மேனுவலையோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கர் பின்னைப் பச்சையில் சொருகியதும் பாட்டு வந்துவிட்டது. ஹெட்செட்டைக் கேபினட்டின் முன்பக்க ஹெட்போன் ஓட்டையில் மாட்டினால் சத்தமே இல்லை. ஹெட்செட் மொபைலில் ஒழுங்காக வேலை செய்தது, எனவே கோளாறு கேபினட்டுக்குள்தான். சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்தேன். முன்பக்க ஆடியோ வயர் எதிலும் மாட்டாமல், மற்ற வயர்களோடு சேர்த்து டேகால் கட்டிக் கிடந்தது. அசெம்பிள் செய்த இடத்தில் அதை இணைக்கவே இல்லை.

இந்த வயர் மாட்ட வேண்டிய இடம் பெரும்பாலான போர்டுகளில் கீழ் இடது மூலை. ரியல்டெக் சிப்பும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அருகிலேயே சின்ன எழுத்தில் 'எஃப் ஆடியோ' என்றோ 'எச்டி ஆடியோ' என்றோ அச்சிட்டிருப்பார்கள். இரண்டு வரிசையில் பத்துக் கம்பிக்கு இடம் இருக்கும், ஆனால் இருப்பது ஒன்பதுதான். எட்டாவது இடம் வெறுமையாக இருக்கும், வயரின் முனையில் அதே இடத்தில் ஓட்டை அடைத்திருக்கும். யுஎஸ்பி 2.0-க்கான கம்பிகளும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அதில் ஒன்பதாவது இடம் காலி. டார்ச் அடித்து இந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு அழுத்தினால் போதும், தவறான இடத்தில் போகாது. வலுவைக் காட்ட வேண்டாம், கம்பி வளைந்தால் நிமிர்த்துவது பெரும் பாடு.

எங்கள் கேபினட் வயரின் முனையில் இரண்டு தலைகள் இருந்தன. ஒன்றில் 'எச்டி ஆடியோ', இன்னொன்றில் 'ஏசி 97'. ஏசி 97 என்பது இன்டெல் 1997-இல் கொண்டுவந்த பழைய முறை. 2004-இல் அதே இன்டெலின் எச்டி ஆடியோ அதன் இடத்தைப் பிடித்தது. எச்டி ஆடியோ தலையில், முன்பக்க ஓட்டையில் பின் மாட்டியிருக்கிறதா இல்லையா என்று சிப்புக்குத் தகவல் சொல்லவே தனி வயர்கள் உண்டு. பின்னால் செய்யப்போகும் எல்லாமே அந்தத் தகவலை நம்பித்தான். எனவே எச்டி தலையை மாட்டி, மற்றதை ஓரமாகக் கட்டிவிட்டேன். கணினியைப் போட்டு ஹெட்செட்டைச் சொருகியதும் பாட்டு காதில் வந்தது.

மைக் மட்டும் வரவில்லை. காரணம் பின்னிலேயே தெரியும். மொபைல் ஹெட்செட்டின் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூன்று வளையங்கள், அவற்றுக்கு இடையே நான்கு உலோகத் துண்டுகள். நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பிப் போகும் பொது வழி), அடிப்பகுதி மைக். இப்போதைய மொபைல்களில் பரவலாக இருப்பது இந்த சிடிஐஏ வரிசை. பழைய சில போன்களில் கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும், அதற்குப் பெயர் ஓஎம்டிபி. டெஸ்க்டாப் ஓட்டை மூன்று துண்டுப் பின்னுக்கானது, மைக்குக்கென்று வேறொரு ஓட்டை வைத்திருக்கிறது. நான்கு துண்டுப் பின்னை அதில் மாட்டினால் மைக்குக்கு வழியே இல்லை. சில ஓட்டைகளில் கிரவுண்டும் சரியாகத் தொடாமல், பாடகர் குரல் மங்கி பின்னணி இசை மட்டும் கேட்கும். பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் குரல் திரும்பி வரும். ஹெட்செட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள்.

இதற்கு ஸ்ப்ளிட்டர் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் வெறுமனே 'ஸ்ப்ளிட்டர்' என்று கேட்டால் ஒரு போனில் இரண்டு பேர் பாட்டுக் கேட்கும் வயரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு பின், இரண்டு ஓட்டை. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: ஒரு ஓட்டை, இரண்டு பின். ஒரு பின்னில் ஹெட்போன் படமும் மற்றதில் மைக் படமும் இருக்க வேண்டும், இரண்டிலும் இரண்டிரண்டு வளையம்தான் இருக்க வேண்டும். அதை மாட்டியதும் மைக் உயிர் பெற்றது.

குரல் சன்னமாக இருந்தது. சவுண்ட் செட்டிங்ஸின் பழைய கன்ட்ரோல் பேனலில் ரெக்கார்டிங் பகுதிக்குப் போய், மைக்கின் லெவல்ஸில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்பதை 20 டெசிபலுக்கு ஏற்றினேன். 30 வைத்தால் குரலோடு மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து ஏறுகிறது. 20-இல் நிறுத்தி, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவருவதே மேல்.

அடுத்தது ஸ்பீக்கர் இரைச்சல். பாட்டு ஓடாத நேரத்தில் காது கொடுத்தால் கொசு பறப்பது மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம். மவுஸை நகர்த்தினால் அதன் சுருதி மாறுகிறது! ஸ்பீக்கர் கரன்டுக்காக யுஎஸ்பியிலும் ஒலிக்காகப் பச்சை ஓட்டையிலும் மாட்டியிருப்பதால், கிரவுண்ட் ஒரே கணினிக்கு இரண்டு வழியில் போய் ஒரு வளையமாகிவிடுகிறது. கணினி வேலை செய்யச் செய்ய உள்ளே ஏறி இறங்கும் மின்னோட்டம் அந்த வளையத்தில் கசிந்து ஒலியாக வருகிறது. ஸ்பீக்கரின் யுஎஸ்பி வயரைக் கணினியிலிருந்து கழற்றி, வீட்டில் கிடந்த 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் மாட்டினேன். ரீங்காரம் அப்படியே நின்றுவிட்டது. இந்த முழு வேலையிலும் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது இதுதான்; ஒரு பைசா செலவில்லை. தனி மின்கம்பி உள்ள பெரிய ஸ்பீக்கரில் கனமான உறுமல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் இரைச்சல். அதற்குக் கணினியையும் ஸ்பீக்கரையும் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக் பெட்டியில் போட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியோ வயருக்கு நடுவில், அந்த கிரவுண்ட் வளையத்தை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வைக்கலாம்.

முக்கியமான வேலை இனிமேல்தான். முன்னால் ஹெட்செட்டை மாட்டியவுடன் பின்னால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். கோளாறு ஒன்றுமில்லை, முன்சொன்ன அந்தத் தகவல் வயர்களைப் பார்த்து, ஆடியோ சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் அப்படிச் செய்கிறது. ரியல்டெக் ஆடியோ கன்சோலைத் திறந்து 'டிவைஸ் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்' பகுதிக்குப் போனால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஒலியை இசைக்கட்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டதும் வெளியீட்டுப் பட்டியலில் ஸ்பீக்கரோடு 'ரியல்டெக் எச்டி ஆடியோ செகண்ட் அவுட்புட்' என்று புதிதாக ஒன்று வந்தது. அதுதான் முன்பக்க ஓட்டை. பெயரை 'ஹெட்செட்' என்று மாற்றி வைத்தேன், இல்லாவிட்டால் வீட்டில் மற்றவர்கள் குழம்புவார்கள்.

பிறகு எந்த மென்பொருள் எங்கே பேச வேண்டும் என்று பிரித்தேன். செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்ஸர் என்று போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டு ஓடும் பிரவுசருக்கு ஸ்பீக்கர் கொடுத்தேன். ஜூமுக்கு அதன் உள்ளேயே ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் தேர்ந்தெடுக்க இடம் உண்டு, அங்கேயே ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டேன். விண்டோஸ் 10-லும் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து இந்த ஆப்வாரிப் பிரிப்பு உண்டு. மொத்த வெளியீட்டையும் சட்டென மாற்ற, விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பட்டியல் வந்துவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: டெர்மினலில் அல்சாமிக்ஸரைத் திறந்து, எஃப்6 அழுத்தி கார்டைத் தேர்ந்தெடுத்து, வலது ஓரம் வரை போனால் 'ஆட்டோ மியூட் மோட்' தெரியும். அதை அணைத்தால் ஹெட்செட் மாட்டினாலும் ஸ்பீக்கர் நிற்காது.

புதிதாக ஹெட்செட் வாங்கப் போகிறவர்கள், அது கணினிக்கு மட்டும்தான் என்றால் யுஎஸ்பி ஹெட்செட்டாகவே வாங்குங்கள். அதற்குள்ளேயே ஆடியோ சிப் இருப்பதால் தனிக் கருவியாகப் பட்டியலில் வந்துவிடும், ஸ்ப்ளிட்டரும் வேண்டாம், கேபினட்டைத் திறக்கவும் வேண்டாம். மொபைலுக்கும் அதே ஹெட்செட் வேண்டும் என்பதால்தான் நான் இந்த வழிக்கு வந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. கேம் ஓடும்போது முன்பக்க மைக்கில் லேசான கரகரப்பு சேர்கிறது. ஆடியோ வயர் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே உரசிக்கொண்டு போவது அதற்குக் காரணமாக இருக்கலாம். வயரைக் கேபினட்டின் மறுபக்கத் தகட்டுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவரப் போகிறேன். அதற்கும் கரகரப்பு போகாவிட்டால், ஸ்ப்ளிட்டரின் மைக் பின்னை மட்டும் எக்ஸ்டென்ஷன் வயர் வைத்துப் பின்பக்க ரோஸ் ஓட்டைக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.