பழைய லேத்துக்குப் புது பெயிண்ட்

ஆகஸ்ட் 23
பழைய லேத், அதாவது இரும்பு கடையும் இயந்திரம், பட்டறைக்கு வந்து இறங்கிவிட்டது. ஆறடி பெட் (அடித்தளம்). ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அழுக்கைக்கூடத் துடைக்காமல் மேலேயே ஒரு கோட் அடித்திருக்கிறார்கள். பச்சைக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் சாம்பல். எண்ணெய் விடும் துளைகள் பாதி அடைந்துவிட்டன. பார்க்கவே வருத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 24
பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயிண்டுக்கே ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதனால் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டிப் புழுதி கிளப்பும் பேச்சே இல்லை. ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்து, ரிமூவர் பூசி, பாலிதீன் தாளால் மூடி ஊறவிட்டேன். அப்புறம் ஸ்கிரேப்பரால் வழித்தால் பட்டை பட்டையாக வருகிறது. வழித்ததெல்லாம் மூடி போட்ட டப்பாவுக்கு.

சின்ன காஸ்டிங்குகள் (வார்ப்பிரும்புப் பாகங்கள்) காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறுகின்றன. இரும்புக்கு அது ஒன்றும் செய்யாது, அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். நேம் பிளேட்டை முதலிலேயே கழற்றி எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30
பெயிண்ட் போனதும் பட்டி தெரிகிறது. மணல் அச்சில் வார்த்த காஸ்டிங் சொரசொரப்பாகத்தான் வரும். கம்பெனியிலேயே பட்டி இழுத்துத் தேய்த்துச் சமப்படுத்திய பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். அதையும் இரும்பு தெரியும்வரை சுரண்டணும் என்கிறார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தனை வருடம் எண்ணெயிலும் அதிர்விலும் பிடித்து நின்ற பட்டியைவிட நான் இழுப்பது உசத்தியா என்ன? நன்றாகக் காயவிட்டு, சுத்தியல் காம்பால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். பிடிப்புள்ள இடம் கணீர் என்கிறது, விட்டுப்போன இடம் பொத்தென்கிறது. பொத்தென்றதை மட்டும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 31
வார்ப்பிரும்பு எண்ணெயை உள்ளே இழுத்து வைத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துணி கறுக்காமல் வரும்வரை தின்னரால் துடைத்தேன். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மேலே அடிக்கும் எதுவும் நிற்காது. எடுத்த இடங்களில் ஹார்டனர் கலந்த பட்டி, காய்ந்ததும் உப்புத்தாள். வெளியே சாரல், வெறும் இரும்பை ராத்திரி அப்படியே விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். இருட்டுவதற்குள் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து முடித்தாயிற்று.

செப்டம்பர் 7
சாம்பல் எனாமல், மெல்லிசாக இரண்டு கோட். சறுக்குப் பாதைகளுக்கு கிரீஸ் தடவி, மேலே பேப்பர் ஒட்டி மறைத்தேன். டயல்களுக்கும் அப்படித்தான். உரசும் இடத்துக்கு எண்ணெய்தான் காப்பு, அங்கே பெயிண்ட் ஒரு சொட்டும் கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் எனாமல் உள்ளே இறுக இன்னும் நாளாகும். கடையும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ பாகத்தை அடுத்த ஞாயிறு மாட்டலாம்.