தீயைப் பனி என்று படித்த கேமரா

போன வாரம் நான்கு இரவுகள் வெற்றிட அறைக்குப் பக்கத்திலேயே இருந்தேன். உள்ளே, செயற்கைக்கோளில் ஏறி மேலிருந்து காட்டுத்தீயைத் தேடப்போகும் எங்கள் அகச்சிவப்புக் கேமரா. அதற்கு எதிரே கரும்பொருள், அதாவது கருஞ்சாயம் பூசிய உலோகத் தட்டு. தட்டை ஐந்தைந்து டிகிரியாக ஏற்றி, சூடு நிலைக்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பிக்சலும் என்ன எண் தருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு படிக்கு நாற்பது நிமிடம்.

இரண்டாம் இரவு எண்கள் மெல்ல நகர ஆரம்பித்தன. தட்டு அசையவில்லை, லென்ஸைப் பிடித்திருக்கும் குழல்தான் அரை டிகிரி சூடாகியிருந்தது. அகச்சிவப்பில் எல்லாமே ஒளிரும், கேமராவின் உடம்பும்கூட. அந்த ஒளியைக் கழிக்காவிட்டால் காட்டின் சூடு என்று நம் சூட்டையே படித்துக்கொண்டிருப்போம்.

அரை டிகிரிக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு கிலோமீட்டர் அகலத் தரையைப் பார்க்கும் பிக்சலில், 300 கெல்வின் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) தரைக்கு நடுவே, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் தீ 1000 கெல்வினில் எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். 4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அந்தப் பிக்சல் பத்து டிகிரி போலக் கூடுதல் சூடாகத் தெரியும். 11 மைக்ரோமீட்டரில் 0.2 டிகிரிகூட ஏறாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் தீ என்கிறோம்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை கேமரா அளக்கும் வரம்பின் மேல் முனைதான். 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் விர்ஸ் கருவியில், 375 மீட்டர் பிக்சல் கொண்ட 3.7 மைக்ரோமீட்டர் அலைவரிசை 367 கெல்வினிலேயே தெவிட்டிவிடும், அதற்கு மேல் அளக்க முடியாது. தீ மிகக் கடுமையாக இருந்தால் எண் உச்சத்தைத் தாண்டி மடங்கி, அடிக்கு வந்துவிடும். கொழுந்துவிட்டு எரியும் இடம் 208 கெல்வின் என்று, உறைபனியைவிடக் குளிராகப் பதிவாகும்! பக்கத்து அலைவரிசை சூடு காட்டுகிறதா என்று பார்த்துத்தான் அதைத் தீ என்று மீட்கிறார்கள். முதன்முதலில் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேலே போனபிறகு சரிபார்க்கலாமே என்றால், அங்கே அதற்கு வழி குறைவு. விர்ஸின் கரும்பொருள் 292.5 கெல்வினில் நிற்கிறது. மோடிஸ் என்ற இன்னொரு செயற்கைக்கோள் கருவியில் அவ்வப்போது 315 வரை ஏற்றியிருக்கிறார்கள். தீயின் சூடு எங்கே, இது எங்கே? அதனால் மேல் முனையைத் தரையிலேயே பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன். நாள் தள்ளிப்போகும் என்று கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் சம்மதித்தார்கள்.

நான்காம் இரவு தட்டை எடுத்துவிட்டுச் சிறு உலையை வைத்தோம். ஊசித்துளை வழியே 1000 கெல்வின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கினோம். எண் ஏறி ஏறி 16383-ஐத் தொட்டது, அதுதான் எங்கள் கேமராவின் 14 பிட் எண்ணில் எழுதக்கூடிய உச்சம். இன்னும் பெரிதாக்கினோம். 16383. இன்னும் கொஞ்சம். 16383. எண் மடங்கவே இல்லை. உடன் வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தி எழுந்து நின்று கைதட்டினாள். மணி மூன்றே கால்.