வார்னிஷுக்கு எந்தக் கணக்குத் தலைப்பு?

மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஒப்பந்தப் பல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். எங்கள் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை வராமல் தடுப்பதற்காக மாவட்டத் திட்டத்தில் நிதி கேட்டு, வாங்கி, செலவழித்து, கணக்கும் முடித்த அனுபவம் இது. மாவட்டத்தின் பெயரோ அலுவலகங்களின் பெயரோ சொல்லப்போவதில்லை. நான் பார்த்த அதிகாரிகளில் பாதிப்பேர் இதற்குள் மாறுதலாகிப் போய்விட்டார்கள். நடைமுறை மட்டும் அப்படியே இருக்கிறது, அதுதான் உங்களுக்கும் பயன்படும்.

தேசிய வாய்நலத் திட்டத்தை மத்திய அரசு 2014-15-இல் தொடங்கியது. தேசிய சுகாதார இயக்கத்தின் வழியாக வரும் பணம் என்பதால் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போடுகின்றன. மாவட்ட மருத்துவமனையிலும் அதற்குக் கீழுள்ள நிலையங்களிலும் பல் பிரிவை ஏற்படுத்துவதற்கு இதில் வழி உண்டு. பல் மருத்துவருக்கும் உதவியாளருக்கும் சம்பளம், நாற்காலி, எக்ஸ்ரே முதலிய கருவிகள், கடைசியாக நுகர்பொருட்கள், அதாவது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் மருந்து, சிமென்ட் போன்றவை. நாற்காலிக்குத்தான் எப்போதும் மவுசு. அதற்குப் பதிவேட்டில் எண் போடலாம், ரிப்பன் வெட்டலாம், ஆய்வுக்கு வருகிறவர் தொட்டுப் பார்க்கலாம். ஒரு பிள்ளையின் பல்லில் பூசிய மருந்தை யார் தொட்டுப் பார்ப்பது? நான் கேட்க விரும்பியதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லான நுகர்பொருட்களுக்குள்தான் ஒளிந்திருந்தது.

ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நாற்காலிக்கு வரும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் பிடுங்குவது முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லை. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடும் பல் அது. அம்மாமார்கள் அதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். சொத்தை வந்தால், "விழுந்து முளைக்கிற பல்தானே டாக்டரம்மா" என்று விட்டுவிடுகிறார்கள். வலி தாங்காமல் என்னிடம் வரும்போது வேர்ச் சிகிச்சைக்குச் செலவழிக்க அவர்களால் முடியாது. வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல்லை நான் பிடுங்கிக் கிண்ணத்தில் போடுகிறேன். அந்தப் பல் முளைத்தவுடனேயே அதன் மேல்பள்ளங்களைச் சிமென்டால் அடைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபுளூரைடு வார்னிஷ் என்ற மேற்பூச்சு மருந்தைப் பூசினால் பெரும்பாலான பற்களைக் காப்பாற்றிவிடலாம். இதற்கு நாற்காலியே வேண்டாம். பள்ளி பெஞ்சு போதும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். தேசிய சுகாதார இயக்கத்தின் பணம் 'பி.ஐ.பி.' என்று எல்லோரும் சொல்லும் திட்ட ஆவணத்தின் வழியாக வருகிறது. வட்டாரத் தேவைகள் மாவட்டத்துக்குப் போகும். ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அவற்றைத் தொகுக்கும். மாவட்டங்களுடையது மாநிலத் திட்டமாகி டெல்லிக்குப் போய், பேச்சு நடந்து, ஒப்புதல் 'ஆர்.ஓ.பி.' என்ற ஆவணமாகத் திரும்பி வரும். 2022-24 முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்தே திட்டம் போடுகிறார்கள். ஒரு முறை தவறவிட்டால் காத்திருப்பு நீளும் என்பதால், வட்டாரப் படிவம் எப்போது போகிறது என்று வட்டார மருத்துவ அலுவலரை நச்சரித்துக்கொண்டே இருங்கள். எங்களுக்கு அது மழைக்காலத்தில், டெங்கு பரபரப்பின் நடுவே, "நாளை மாலைக்குள்" என்ற குறிப்போடு வந்தது. படிவத்தில் பல் என்ற வரியில் சென்ற முறை எழுதியதையே மறுபடி எழுதி அனுப்புவது வழக்கமாம். இந்த முறை மாற்றி எழுதக் கேட்டபோது அலுவலர் தடுக்கவில்லை. "தரவு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. நாடு தழுவிய வாய்நல ஆய்வு என்று எல்லோரும் இன்றைக்கும் மேற்கோள் காட்டுவது 2002-03-இல் எடுத்தது. ஐந்து வயதில் 51.9 சதவீதம், பன்னிரண்டு வயதில் 53.8 சதவீதம் பேருக்குச் சொத்தை என்று சொன்ன ஆய்வு. அந்தப் பன்னிரண்டு வயதுக்காரர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை என்னிடம் அழைத்து வருகிறார்கள். அதை வைத்து எங்கள் வட்டாரத்துக்குப் பணம் கேட்க முடியாது. புதிதாக ஆய்வு நடத்த ஆளும் கிடையாது. கை கொடுத்தது பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு. 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிள்ளைகளிடம் தேடிப் பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலிலேயே பல் சொத்தையும் இருக்கிறது. குழு ஆண்டுதோறும் பள்ளிக்குப் போகிறது, எழுதுகிறது, பரிந்துரைக்கிறது. அந்தப் பதிவேடுகளை வாங்கி உட்கார்ந்து எண்ணினேன். பிறகு நான்கைந்து பள்ளிகளுக்கு அவர்களுடைய வாகனத்திலேயே தொற்றிக்கொண்டு போய், வாய்க் கண்ணாடியும் டார்ச்சுமாக நானே பார்த்து ஒப்பிட்டேன். அவர்கள் குறித்ததைவிடக் கூடுதலாகவே சொத்தை இருந்தது. குழுவின் மீது குற்றமில்லை. கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அவர்கள் ஒதுக்கும் நேரத்தில் கடைவாய் வரை எட்டிப் பார்ப்பது கடினம். என் முன்மொழிவில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். சொந்த ஆய்வை மட்டும் காட்டியிருந்தால் "டாக்டரம்மா கணக்கு" என்று ஓரங்கட்டியிருப்பார்கள். அரசின் பதிவேட்டிலேயே இருந்த எண்ணைத் தள்ள முடியவில்லை.

மாவட்டக் கூட்டத்தில் வேறொரு முட்டுக்கட்டை காத்திருந்தது. எங்கள் வட்டாரத்தின் சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம். பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்தாலே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். மூத்த அலுவலர் ஒருவர் முன்பு தருமபுரியில் பணியாற்றியவர். ஃபுளூரைடுக்குப் பயந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த பகுதி அது. 2013-இல் அந்தத் தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் என் தாளை எடுத்து, "கோடி கோடியாகக் கொட்டி ஃபுளூரைடைத் துரத்துகிறோம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் பூசப் போகிறீர்களா மேடம்?" என்று கேட்டார். அறையே சிரித்தது. தணிக்கைக்காரருக்கும் இதே சந்தேகம் வரும் என்று தெரிந்ததால் நான் கணக்கோடு போயிருந்தேன்.

அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன், உங்களுக்கும் தேவைப்படலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள நீரை ஒரு பிள்ளை நாளுக்கு ஒன்றரை லிட்டர் குடித்தால், உடம்புக்குள் போவது நாளுக்கு 3 மில்லிகிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிகிராம். பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் இது தினமும் இரத்தத்தில் கலப்பதால்தான் கறை வருகிறது. 5 சதவீத சோடியம் ஃபுளூரைடு வார்னிஷில் ஒரு மில்லிலிட்டருக்கு 22.6 மில்லிகிராம் ஃபுளூரைடு உண்டு. சிறு பிள்ளைக்கு ஒரு தடவைக்குக் கால் மில்லிலிட்டர் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை பூசி, அத்தனையையும் பிள்ளை விழுங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் 11 மில்லிகிராம்தான். அதுவும் எச்சில் பட்டவுடன் பல்லோடு ஒட்டி இறுகிவிடும் பொருள். தவிர, கறையோடு குழியும் விழுந்த பல்லில் உணவு தங்கும். ஃபுளூரைடு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொத்தை வராது என்று யாரும் நம்பவேண்டாம்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்கில் பிழை காணவில்லை, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நான் ஒரு சமரசம் சொன்னேன். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. 1.5-ஐத் தாண்டிய ஊர்ப் பள்ளிகளில் வார்னிஷ் கிடையாது, கடைவாய்ப்பல் பள்ளங்களை அடைப்பது மட்டும். மற்றப் பள்ளிகளில் இரண்டும். நீர்ப் பரிசோதனை அறிக்கைகளைக் குடிநீர் வாரியத்திடம் வாங்கி இணைப்பேன். அவர் கையெழுத்துப் போட்டார். அடைக்கும் கண்ணாடி அயனோமர் சிமென்டும் கொஞ்சம் ஃபுளூரைடைக் கசியவிடும் என்பதை யாரும் கேட்கவில்லை. குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது கணக்காளர். மனிதர் தங்கமானவர், ஆனால் அவருடைய உலகம் எஃப்.எம்.ஆர். கோடுகளால், அதாவது நிதி அறிக்கையில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்களால், ஆனது. ஒவ்வொரு செலவும் ஏதாவது ஒரு கோட்டுக்குள் விழ வேண்டும். "வார்னிஷ் என்று எனக்குக் கோடு இல்லை. மர வார்னிஷா என்று தணிக்கையில் கேட்பார்கள். நாற்காலி கேளுங்கள் டாக்டரம்மா, நாளைக்கே எழுதுகிறேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. புதிய செயல்பாடு என்று திட்டப் பட்டியலில் தனி வரி கேட்டால் மாநிலத்தில் வெட்டுவார்கள், ஏற்கெனவே இருக்கும் வரிக்குள் நுழைத்தால் பிழைக்கும் என்பதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். எனவே மருந்தும் சிமென்டும் வாய்நலத் திட்டத்தின் நுகர்பொருட்கள் வரிக்குள் போயின. பள்ளிக்குப் போகும் வாகனம் நடமாடும் குழுவின் பயணத்திட்டத்தோடு இணைந்தது, தனிச் செலவே இல்லை. துண்டறிக்கை அச்சு விழிப்புணர்வு வரிக்குப் போனது. பெயரிலும் கவனம் காட்டினோம். 'பற்சொத்தைத் தடுப்பு மேற்பூச்சு மருந்து (சோடியம் ஃபுளூரைடு 5%)' என்று எழுதினோம், வார்னிஷ் என்ற சொல்லே கோப்பில் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கண்ணாடி அயனோமர் சிமென்டையும் சொத்தை பரவாமல் நிறுத்தும் மருந்தான வெள்ளி டையமைன் ஃபுளூரைடையும் ஃபுளூரைடு பற்பசையையும் சேர்த்ததைக் காட்டும் பக்கத்தை இணைத்தேன். அந்த ஒரு பக்கம், என் ஐந்து பக்க வாதத்தைவிட அதிகம் பேசியது.

பல்துலக்கிக்குக் கேட்டதை முழுதாக அடித்துவிட்டார்கள். தனிநபர் வீட்டுக்கு எடுத்துப்போகும் பொருளாம். சிமென்ட் அளவில் பாதி குறைந்தது. வார்னிஷ் தப்பித்தது. இரண்டு வகுப்புகளுக்குப் போட்ட திட்டத்தை ஒரு வகுப்பாகச் சுருக்கினேன். இரண்டாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன், அந்த வயதில் பெரும்பாலோருக்கு முதல் கடைவாய்ப்பல் முழுதாக வெளியே வந்திருக்கும்.

ஒப்புதல் வந்ததும் பணம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போது பணம் நம் கணக்குக்கு வருவதே இல்லை. நாங்கள் செலவழித்தபோது மாநில அளவில் ஒரே மையக் கணக்கு, எங்களுக்கு இருப்பில்லாத துணைக் கணக்கு, அதில் 'இவ்வளவு வரை எடுக்கலாம்' என்ற வரம்பு மட்டும் ஏறியது. செலவைப் பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் இணைய நிதித் தளத்தில் ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், பணம் நேராக விற்பவருக்குப் போகும். விற்பவர் அதே தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பல் மருந்துக் கடைக்காரர்களுக்கு இது தெரியவில்லை, ஒருவருக்கு வங்கிப் புத்தகத்தில் ஒரு எழுத்து மாறியிருந்ததால் பணம் திரும்பியது. விலைப்புள்ளி வாங்கும்போதே இதைச் சரிபாருங்கள். கிடங்கிலிருந்து 'இருப்பில் இல்லை' என்ற சான்று, மூன்று விலைப்புள்ளிகள், கொள்முதல் குழுவின் கையெழுத்து ஆகிய மூன்றும் இல்லாமல் உள்ளூர்க் கொள்முதல் செய்யாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

வரம்பு ஏறியது குளிர்காலத்தில். மார்ச் 31-க்குள் செலவழிக்காதது போய்விடும். இங்கேதான் நிதியாண்டும் மருத்துவமும் மோதுகின்றன. வார்னிஷின் இரண்டாம் பூச்சு ஆறு மாதம் கழித்து, அதாவது அடுத்த நிதியாண்டில். ஒரு பூச்சோடு நிறுத்தினால் முதல் பூச்சுக்கும் பெரிய பலனில்லை. இரண்டு சுற்றுக்கும் வேண்டிய மருந்தை ஒரே கொள்முதலில் வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, இரண்டாம் சுற்றின் தேதியைத் திட்டக் குறிப்பிலேயே எழுதி ஒப்புதல் வாங்கிக்கொண்டோம். காலாவதித் தேதி குறைந்தது பதினெட்டு மாதம் தள்ளியிருக்க வேண்டும் என்று விலைப்புள்ளிக் கடிதத்திலேயே நிபந்தனை போட்டுவிடுங்கள்.

பள்ளிகளில் நடந்த வேலை, இத்தனைக்கும் நடுவில், சுலபமான பகுதி. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் சீட்டு, காலை உணவு முடிந்த நேரம். மின்சாரம் வேண்டாத கைக்கருவி முறை இது. 1980களில் தான்சானியாவில் உருவாகி உலகம் முழுதும் பரவியது. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்து, தலைமாட்டில் நான் உட்கார்ந்துகொள்வேன். ஊசி இல்லை என்று முதல் பிள்ளை வெளியே போய்ச் சொன்னால் போதும், வரிசை தானாக வரும். பூசிய அன்று பல் மஞ்சளாகத் தெரியும், சில வீடுகளிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். அடுத்த பள்ளியிலிருந்து ஒப்புதல் சீட்டிலேயே "ஒரு நாள் மஞ்சளாக இருக்கும், மறுநாள் காலை துலக்கினால் போய்விடும்" என்று அச்சடித்தோம். தலைமை ஆசிரியை ஒருவர் பள்ளி வாசல் கடைக்காரரிடம் பேசி, இடைவேளையில் மட்டும் ஒட்டும் மிட்டாய் விற்காமல் பார்த்துக்கொண்டார். எந்தத் திட்டத்திலும் இல்லாத வேலை, காசும் செலவாகவில்லை.

பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு வெறும் தொகை போதும் என்றார்கள். நான் பள்ளிவாரியாகப் பிள்ளைகள், அடைத்த பற்கள், பூசிய தடவைகள், மீதமிருக்கும் மருந்து என்று ஒரு பக்கம் சேர்த்தேன். கணக்காளர் முதலில் முகம் சுளித்தார், தணிக்கையில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்டார்கள். இரண்டாம் சுற்று திட்டமிட்டபடி நடந்தது. சில அடைப்புகள் விழுந்திருந்தன, மறுபடி வைத்தோம். அடுத்த திட்டத்துக்கான வரைவில் ஏழாம் வகுப்பைச் சேர்த்திருக்கிறேன், பன்னிரண்டு வயதில் இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்கும். விழுந்த அடைப்புகளை மறுபடி வைப்பதற்கான சிமென்டை இம்முறை தனி வரியாகவே காட்டியிருக்கிறேன். பல்துலக்கியையும் விடவில்லை, 'வகுப்பறையில் வைத்துப் பயன்படுத்தும் பயிற்சிப் பொருள்' என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். கோப்பு மாவட்டத்தில் இருக்கிறது.