நகம் வெட்டுற வேலை

ஹப்புத்தளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஆனைக்கு நகம் வெட்டுறான்." கேட்டவர் சிரிப்பார், அம்மா சிரிக்கமாட்டார். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். பித்தவெடிப்புக்குள் மண் ஏறிய குதிகாலோடு மழையிலும் மலை ஏறியவர். கால் விஷயம் அவருக்கு விளையாட்டு இல்லை.

கண்டிப் பக்கத்தில் யானைகளை வைத்துப் பராமரிக்கும் ஓரிடத்தில், மிருக வைத்தியருக்கு உதவியாளாகப் பதினொரு வருஷம் இருந்தேன். அதற்கு முன் நான் யானையைக் கிட்டத்தில் பார்த்ததே பெரஹரா ஊர்வலத்தில்தான். எங்கள் மலையில் ஏது யானை? ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் மட்டும் 1,400 யானைகளைச் சுட்டார் என்பார்கள். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. யானைகள் நின்ற இடத்தில் முதலில் கோப்பி வந்தது, அப்புறம் தேயிலை, தேயிலைக்கு நடுவே எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஊசி, மருந்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் டொக்டர் பார்த்துக்கொள்வார். எனக்கு வாய்த்தது கால். காலையில் கழுவி, உள்ளங்காலில் செருகியிருக்கும் கல்லை எடுத்து, வளர்ந்த நகத்தை அரத்தால் ராவி, வெடிப்பு இருந்தால் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைக்கச்செய்ய வேண்டும். முன்னங்காலுக்கு ஐந்து நகம், பின்னங்காலுக்கு நான்கு. பார்ப்பதற்குத் தூண் மாதிரி இருந்தாலும், யானை உண்மையில் விரல் நுனியில்தான் நிற்கிறது. விரல்களுக்குப் பின்னால் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டவர் மாதிரி, நாலாயிரம் கிலோ உடம்பை அது அப்படித்தான் சுமக்கிறது.

காட்டில் நடந்து நடந்தே நகமும் உள்ளங்காலும் தேயும். கட்டிப்போட்ட இடத்தில் தேயாது. வளரும், வெடிக்கும், மூத்திரமும் சாணமும் உள்ளே போகும், சீழ் கட்டும். விட்டால் எலும்புவரைக்கும் போகும். தரை சீமெந்தாக இருந்தால் மூட்டும் சேர்ந்து போகும். தாய்லாந்து 2001இல் நமக்குக் கொடுத்த முத்துராஜா என்ற யானையை 2023 ஜூலையில் திரும்பக் கொண்டுபோனார்களே, அன்றைக்கு எல்லாரும் தொலைக்காட்சியில் விமானத்தையும் இரும்புக் கூண்டையும் பார்த்தார்கள். எனக்குக் கண் போனது மடக்க முடியாத அந்த இடது முன்னங்காலில்தான்.

பார்வையாளர்கள் கால்களைப் பார்ப்பதில்லை. அவர்கள் கேட்பது இரண்டு கேள்விதான். ஒன்று, "ஏன் ஆடுது, பாட்டுக் கேட்குதா?" ஒரே இடத்தில் நின்று தலையையும் உடம்பையும் இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருக்கும் யானையை அவர்கள் கைப்பேசியில் பிடித்துக்கொள்வார்கள். அது ஆட்டம் இல்லை. செய்ய ஒன்றும் இல்லாமல் வருஷக்கணக்காகக் கட்டுண்டு நின்றதன் தழும்பு. ஆரம்பத்தில் நின்று விளக்கம் சொல்வேன். பிறகு விட்டுவிட்டேன், நான் பேசி முடிப்பதற்குள் படம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, "குட்டி போடலையா?" இதற்குப் பதில் நீளம். நம் நாட்டில் எல்லாருக்கும் பின்னவலை நினைவுக்கு வரும். 1975இல் அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம், 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது, 2021 ஓகஸ்டில் இரட்டை. ஆகவே குட்டி பிறந்தால் நல்லா வைத்திருக்கிறார்கள், பிறக்காவிட்டால் ஏதோ குறை என்று ஒரு கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காது. ஏறக்குறைய நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் பெண் யானை சினைப்பருவத்துக்கு வரும். சினை பிடித்தால் இருபத்திரண்டு மாதம்வரை சுமக்கும். ஆனால் எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் கூட்டம். பெரியம்மா, சித்தி, அக்கா என்று நாலு பேர் ஈனுவதைப் பார்த்து வளராத பெண் யானை, தன் காலடியில் விழுந்த குட்டியைக் கண்டு மிரண்டு மிதித்துவிடக்கூடும். பின்னவலையில் குட்டிகள் பிறந்ததற்குக் காரணம், கூட்டமாகச் சேர்ந்து வாழ்ந்து, நாளுக்கு இரண்டு தடவை மகா ஓயாவுக்கு நடந்து போய் வந்த வாழ்க்கை என்றே நான் நினைக்கிறேன். ஒற்றைப் பெண் யானையை வைத்துக்கொண்டு குட்டி எங்கே என்று கேட்பது, மண் இல்லாமல் நாற்று நடுவது மாதிரி. அப்படியே பிறந்தாலும், ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று இருக்கிறது. காலையில் விளையாடிய குட்டியை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும்.

2021இல் வளர்ப்பு யானைகளுக்கு என்று புதிய விதிகள் வந்தன. தினமும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும், குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது, வேலையில் இருக்கும்போது பாகன் குடிக்கக்கூடாது. குளியல் விதியைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. தண்ணீரில் படுத்திருக்கிற நேரத்திலாவது அந்த நாலு காலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

இனி ஆச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். காலமெல்லாம் மரம் இழுத்துவிட்டு எங்களிடம் வந்த கிழட்டுப் பெண் யானை. பெயர் வேறு, பாகன் மாமா கூப்பிட்டதால் எல்லாருக்கும் ஆச்சியானாள். சிங்களத்திலும் ஆச்சி ஆச்சிதான். அவளைக் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை. மற்ற யானைகள் காலையில் விலாவெல்லாம் சாணமும் மண்ணுமாக நிற்கும், இவள் மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருப்பாள். சுத்தமான யானை என்று மூன்று வாரம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

விடுமுறை முடிந்து வந்த மாமா அவள் விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். கையைப் பார்த்தார். என்னை அவர் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். "மல்லி, இவ படுத்து எத்தனை நாளாச்சு?"

எனக்கு வாய் வரவில்லை. படுத்து எழுந்த யானையின் விலாவில்தான் மண் இருக்கும். முழங்கால் வலியில், சீமெந்தில் படுத்தால் எழும்ப முடியாது என்று பயந்து, ராத்திரி முழுக்க சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறாள். நான் தினமும் அந்த விலாவைக் கழுவியிருக்கிறேன்.

மணல் கேட்டோம். செலவு என்றார்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள். டொக்டர் இரண்டு கடிதம் எழுதிய பிறகு உழவு இயந்திரத்தில் இரண்டு லோட் ஆற்று மணல் வந்தது. தட்டையாகப் பரப்பவேண்டாம் என்று மாமா சொன்னார். முழுக்கக் கீழே போகாமல் சாய்ந்து படுக்கிற உயரத்துக்குச் சுவரோடு சேர்த்துக் குவித்தோம். ஆச்சி அதைத் தும்பிக்கையால் அள்ளி முதுகில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். ஒரு வாரம் விலா சுத்தமாகவே இருந்தது. காலையில் போனதும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, விலாவைத்தான் பார்ப்பேன்.

ஒன்பதாம் நாள் காலை இடது விலா முழுக்க மணல். காது மடலிலும் ஒட்டியிருந்தது, கன்னத்தில் தென்னோலை அழுந்திய கோடு. நான் பழக்கத்தில் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். மாமா கையைப் பிடித்தார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் மல்லி."